பல்லு வெள்ளையாக்க லேம்ப்பா, ட்ரேயா, ஸ்ட்ரிப்பா, கரியா? ஆய்வுகள் சொல்றதும் நான் பட்டதும்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கிளினிக்ல லேம்ப் வெச்சு பல்லு ஒயிட்னிங் பண்ணிட்டு எழுந்து கண்ணாடியில பார்த்தப்போ என் கண்ணை என்னாலயே நம்ப முடியல, அவ்ளோ வெள்ளை. டாக்டர் ஷேட் கைடை எடுத்து பல்லுக்குப் பக்கத்துல பிடிச்சுக் காட்டினார். ஷேட் கைடுன்னா 16 போலிப் பல்லை வரிசையா சொருகி வெச்சிருக்கற ஒரு பட்டை, ஒவ்வொண்ணுக்கும் ஏ1, பி1, ஏ3.5ன்னு பேர் இருக்கும், உள்ள போறப்போ ஏ3.5ல இருந்த என் முன்பல்லு வெளிய வர்றப்போ இருக்கறதுலயே வெளுப்பான பி1 கிட்ட நின்னுச்சு. அன்னைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பிச்சது வலி. தண்ணி கூட வேண்டாம், வாயைத் திறந்து மூச்சு இழுத்தாலே ஒவ்வொரு பல்லா சுரீர் சுரீர்னு இழுக்குது, விடிய விடிய உதட்டை மூடிக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். வலி ரெண்டு நாள்ல போச்சு, ஆனா எட்டு பத்து நாள்ல அந்த வெள்ளையும் பாதி இறங்கிடுச்சு. ஃபோன் பண்ணிக் கேட்டா "அப்படித்தாங்க இருக்கும், இன்னொரு சிட்டிங் போட்டா செட் ஆகிடும்"னாங்க. அப்படித்தான் இருக்கும்னா அதை பணம் கட்டறதுக்கு முன்னாடி சொல்லணுமா இல்லையா? அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆறல.

நான் டென்டிஸ்ட் இல்ல, பார்மசி படிச்சவ. அதனால இந்த விஷயத்துல வந்திருக்கற மருத்துவ ஆய்வுகளைத் தேடி எடுத்து வாசிக்க ஆரம்பிச்சேன், அப்புறம் வேற ஒரு டாக்டர்கிட்ட போய் வேற முறையில பண்ணிக்கிட்டேன். இப்போ பென்னாகரத்துல இருக்கற என் சித்தி பொண்ணும் என் தம்பியும் ஒரே மாசத்துல "அக்கா, எனக்கு எது பண்ணலாம் சொல்லு"ன்னு கேட்கறாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே பதில் கிடையாது. எனக்குப் பொருந்தினது அவங்க ரெண்டு பேருக்குமே பொருந்தாது. ஏன்னு விளக்கறதுக்குத்தான் இதை எழுதறேன், இதே யோசனையில இருக்கற மத்தவங்களுக்கும் உபயோகமா இருக்கும்.

கறை எங்க இருக்கு?

எதை வாங்கலாம்னு பார்க்கறதுக்கு முன்னாடி இதைத்தான் பார்க்கணும். பல்லுக்கு வெளிய ஒட்டியிருக்கற காவி வேற, பல்லுக்குள்ளயே இருக்கற நிறம் வேற. டீ, காபி, வெத்தலை பாக்கு, சிகரெட், புகையிலை இதெல்லாம் வெளிய படியறது. இரும்புச் சத்து சிரப் குடிக்கற பிள்ளைங்களுக்கு வர்ற கருப்பும் அப்படித்தான். பலருக்குத் தெரியாத இன்னொண்ணு இருக்கு, குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷ். ஈறு வீக்கத்துக்கும் பல்லு பிடுங்கினதுக்கு அப்புறமும் கொடுப்பாங்க, நல்ல மருந்து, ஆனா வாரக்கணக்கா கொப்பளிச்சா பழுப்பு நிறத்துல கறை பிடிக்கும்.

என் தம்பிக்கு நடந்தது இதுதான். ஞானப்பல்லு எடுத்ததுக்கு அப்புறம் டாக்டர் சொன்னது பத்து நாள், இவன் வாய் ஃப்ரெஷ்ஷா இருக்குன்னு மூணு மாசம் கொப்பளிச்சிருக்கான், அதோட நாளைக்கு ஆறு டீ வேற. கீழ் முன்பல்லு இடுக்குல எல்லாம் பேனாவால கோடு போட்ட மாதிரி பழுப்பு. ஒயிட்னிங் பண்ணணும்னு ஒத்தக்கால்ல நின்னான். நான் "மொதல்ல ஸ்கேலிங் பண்ணுடா, அப்புறம் பேசலாம்"னு அனுப்பி வெச்சேன். ஸ்கேலிங்னா பல்லுல ஒட்டியிருக்கற கறையையும் காரையையும் கருவியால எடுத்து சுத்தம் பண்றது. ஒரே சிட்டிங்ல பழைய பல்லு வந்துடுச்சு. அவனுக்கு ஒயிட்னிங்கே தேவைப்படல. ஸ்கேலிங் பண்ணா பல்லு ஆடும், எனாமல் தேயும்னு நம்ம வீடுகள்ல ஒரு பயம் இருக்கு, அது உண்மை இல்ல. ரொம்ப நாளா காரை அடைச்சுக்கிட்டு இருந்த இடம் காலியாகறப்போ பல்லு இடைவெளி தெரியும், கொஞ்ச நாள் கூசும், அதைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்றாங்க. பல்லை ஆட வெக்கறது அந்தக் காரையும் அதுக்குக் கீழ நடக்கற ஈறு நோயும்தான்.

உள் நிறம்னா அது வேற கதை. நம்ம பல்லோட மேல் உறை எனாமல், அது பால் கண்ணாடி மாதிரி கொஞ்சம் ஊடுருவித் தெரியும், அதுக்குக் கீழ இருக்கற டென்டின் இயல்பாவே மஞ்சள். வயசு ஏற ஏற எனாமல் தேஞ்சு மெலிசாகும், டென்டின் தடிக்கும், அதனால நாப்பதுக்கு மேல எவ்ளோ நல்லா விளக்கினாலும் பல்லு மஞ்சளாத்தான் தெரியும், இதுல அழுக்கு, சோம்பேறித்தனம்னு எதுவும் இல்ல. இது போக சின்ன வயசுல டெட்ராசைக்ளின் மருந்து சாப்பிட்டதால வர்ற சாம்பல் பட்டை, அடிபட்டு செத்துப்போன ஒத்தைப் பல்லோட கருப்பு, குடிதண்ணியில ஃப்ளூரைடு கூடினதால வர்ற ஃப்ளூரோசிஸ் திட்டு. ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற வேற. பெராக்சைடுங்கற ரசாயனத்தால பல்லை வெளுக்க வைக்கற ப்ளீச்சிங் ரொம்ப நல்லா வேலை செய்யறது வயசாலயும் பல வருஷமா சாப்பாடு வழியா ஊறினதாலயும் வர்ற மஞ்சளுக்குத்தான். எனக்கு இருந்தது அது.

ட்ரே: பழசு, மெதுவானது, என் தேர்வு

இந்த முறை பிறந்த விதமே எனக்குப் பிடிச்சது. 1960கள்ல அமெரிக்காவுல ஆர்கன்சா மாநிலத்துல பில் க்ளுஸ்மியர்னு ஒரு பல் சீரமைப்பு டாக்டர், கம்பி போட்டவங்களுக்கு ஈறு வீங்கினா ராத்திரி போடற ட்ரேல, அதாவது பல்லு வரிசை மேல மாட்டிக்கற உறையில, கிளை-ஆக்சைடுங்கற வாய்ப்புண் மருந்தை ஊத்தி போட்டுக்கச் சொன்னார். அதுல இருந்தது 10% கார்பமைடு பெராக்சைடு. ஈறும் ஆறுச்சு, கூடவே பல்லும் வெளுத்துச்சு. யாரும் வெள்ளையாக்கணும்னு கிளம்பல. இது கை மாறி கை மாறி வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கு வந்து, 1989ல ஹேவுட், ஹேமன்னு ரெண்டு பேர் முறையா கட்டுரையா எழுதினாங்க. இன்னைக்கு உலகம் பூரா டாக்டர்கள் ட்ரே கொடுக்கறாங்கன்னா அதுக்கு அடிப்படை அந்தக் கட்டுரைதான்.

10% கார்பமைடு பெராக்சைடு வாயில பிரிஞ்சா சுமார் 3.5% ஹைட்ரஜன் பெராக்சைடும் 6.5% யூரியாவும் வரும். அந்த பெராக்சைடு ரொம்பச் சின்ன மூலக்கூறு, எனாமல் வழியா ஊடுருவி டென்டினுக்குப் போய், நிறம் தர்ற பெரிய மூலக்கூறுகளை ஆக்சிஜனேற்றம் பண்ணி உடைக்குது. கறையை சுரண்டி எடுக்கறதில்ல, இருக்கற இடத்துலயே நிறம் இழக்க வைக்குது. ராத்திரி போட்டுக்கச் சொல்றதுக்கு காரணமும் இருக்கு, ட்ரேக்குள்ள ரெண்டு மணி நேரம் கழிச்சும் பாதிக்கு மேல சத்து மிச்சம் இருக்கு, பத்து மணி நேரத்துல கூட சுமார் 10% இருக்குன்னு அளந்து பார்த்திருக்காங்க.

ஹேவுட் குழுவோட 1994 ஆய்வுல 38 பேர். ஆறு வாரத்துல 92% பேருக்கு பல்லு வெளுத்துச்சு. 66% பேருக்கு கூச்சமோ ஈறு எரிச்சலோ வந்துச்சு, அத்தனையும் நிறுத்தினதும் போயிடுச்சு. ஒன்றரை வருஷம் கழிச்சு 74% பேருக்கும் மூணு வருஷம் கழிச்சு 62% பேருக்கும் திரும்ப எதுவும் பண்ணாமலே அந்த நிறம் தாங்குச்சு. சின்ன ஆய்வுதான், ஆனா மூணு வருஷம் பின்தொடர்ந்து பார்த்தாங்க பாருங்க, இந்தத் துறையில அது அபூர்வம், பெரும்பாலான ஆய்வுங்க ரெண்டு வாரம், ஒரு மாசம்னு முடிஞ்சுடுது.

நான் பண்ணிக்கிட்ட விதத்தைச் சொல்றேன். சேலத்துல ரெண்டாவதா பார்த்த டாக்டரம்மா முதல் நாள் ஒயிட்னிங் பத்தி பேசவே இல்ல. எக்ஸ்ரே எடுத்தாங்க, கடைவாய்ப் பல்லுல ஒரு சொத்தை இருந்துச்சு, அடைச்சாங்க, ஸ்கேலிங் பண்ணாங்க, ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொன்னாங்க. அப்புறம் பிங்க் கலர் பேஸ்ட்டுல அளவு எடுத்து, அதை வெச்சு மெல்லிசா ஒரு ட்ரே, உள்ளங்கையில வெச்சா பாம்புச் சட்டை மாதிரி எடையே இல்ல, ஈறு ஓரத்தை ஒட்டி அளவா கத்தரிச்சிருந்தாங்க. "ஒரு பல்லுக்கு ஒரு மிளகு அளவு ஜெல் போதும்மா, அதுக்கு மேல வெச்சா அது பல்லுக்கு இல்ல, ஈறுக்குத்தான் போகும்"னு சிரிஞ்ச்ல அழுத்திக் காட்டினாங்க. முதல் நாள் ஆசையில கூட வெச்சுட்டேன், காலையில எடுத்தப்போ ரெண்டு பல்லுக்கு மேல ஈறு ஓரம் வெந்த மாதிரி வெள்ளையா இருந்துச்சு, தொட்டா எரிச்சல், மத்தியானத்துக்குள்ள சரியாச்சு. அதுக்கப்புறம் ட்ரே போட்டதும் பிதுங்கி வர்றதை விரலால துடைச்சு எடுக்கப் பழகிக்கிட்டேன்.

மேல் வரிசைக்கு மட்டும் முதல்ல போடச் சொன்னாங்க. இது ரொம்ப நல்ல யோசனை, ஏன்னா தினமும் பார்க்கற பல்லுல மாற்றம் நமக்கே தெரியாது, கீழ் வரிசை பழைய நிறத்துல பக்கத்துலயே இருந்தா எவ்ளோ தூரம் வந்திருக்கோம்னு கண்ணாடியில அப்பட்டமா தெரியும். நாலாவது ராத்திரி கூச்சம் வந்துச்சு, ஆனா அந்த லேம்ப் ராத்திரி மாதிரி இல்ல, குளிர்ந்த தண்ணி பட்டா மட்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டேன், 5% பொட்டாசியம் நைட்ரேட் இருக்கற கூச்சத்துக்கான பேஸ்ட்டை அதே ட்ரேல தடவி அரை மணி நேரம் வெச்சுக்கிட்டேன், கேட்டுச்சு. நாலு வாரம் முடிஞ்சு ஏ1ல நின்னுச்சு. லேம்ப் அன்னைக்கு கண்ணாடியில பார்த்த வெள்ளை இது இல்ல, அதை விட ஒரு படி கம்மிதான், ஆனா இது நிக்குது. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, நடுவுல ரெண்டு ராத்திரி மட்டும் டச்-அப் போட்டேன்.

லேம்ப்: ஏன் அவ்ளோ வெள்ளை, ஏன் அவ்ளோ சீக்கிரம் இறங்குது

கிளினிக்ல போடற ஜெல்லோட வீரியம் 25ல இருந்து 40% வரைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. வீட்டு ட்ரேல வர்ற 3.5%ஓட பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஏழுல இருந்து பதினோரு மடங்கு. அதனாலதான் ஒரு மணி நேரத்துல வேலை முடியுது, அதனாலதான் ஈறுக்கு மேல ரெசின்ங்கற இறுகற பிசினால தடுப்பு பூசாம அந்த ஜெல்லை வைக்கவே கூடாது.

அந்த உடனடி வெள்ளையில ஒரு பகுதி ப்ளீச்சிங்கே இல்ல, பல்லு காய்ஞ்சு போனது. ஒரு மணி நேரம் கன்னத்தை இழுத்து வெச்சு எச்சில் படாம பல்லை உலர விட்டா எனாமல்ல இருக்கற ஈரம் போயிடும், ஈரம் போன எனாமல் வெளுப்பா தெரியும். எச்சில்ல திரும்ப ஊறினதும் அந்தப் பகுதி கழண்டுடும். நீங்களே வேணா சோதிச்சுப் பாருங்க, வாயைத் திறந்து வெச்சு முன்பல்லைத் துணியால துடைச்சு பத்து நிமிஷம் அப்படியே விட்டா ஒரு சாயல் வெளுத்துத் தெரியும். என் பல்லுல பத்து நாள்ல இறங்கினதுல பெரும் பங்கு இதுதான்னு இப்போ எனக்குப் புரியுது. உடனே ஷேட் கைடைப் பிடிச்சு எடுக்கற முன்-பின் ஃபோட்டோவை வெச்சு முடிவு பண்ணாதீங்க. ரெண்டு வாரம் கழிச்சு எடுத்த ஃபோட்டோ இருக்கான்னு கேளுங்க.

சரி, அந்த நீல லைட் என்ன பண்ணுது? 2012ல வந்த ஒரு தொகுப்பாய்வு சொன்னது, 25–35% வீரியத்துல லைட் சேர்த்தாலும் சேர்க்காட்டாலும் நிறத்துல வித்தியாசம் இல்ல, 15–20% ஜெல்லுக்கு மட்டும் உடனடியா கொஞ்சம் கூடுதல் பலன், ஆனா லைட் போட்டா கூச்சம் வர்ற வாய்ப்பு கூடுது. 2018ல வந்த இன்னொரு தொகுப்பாய்வு, லைட்டால நிறமும் கூடல கூச்சமும் மாறலன்னு சொல்லுச்சு. ஆக நிறத்துக்காக அந்த லைட்டுக்குத் தனியா காசு கொடுக்க ஒரு காரணமும் எனக்குக் கிடைக்கல. ஜெல்தான் வேலை செய்யுது, லைட் இல்லாமலே அந்த ஜெல்லைப் போடலாம். என்கிட்ட லேம்ப்புக்கு வாங்கினது ட்ரே செலவை விட ரெண்டு மடங்குக்கு மேல.

கிளினிக் முறையே வேண்டாம்னு நான் சொல்ல வரல. 2016ல வீட்டு முறையையும் கிளினிக் முறையையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்தப்போ கடைசி நிறத்துலயும் சரி கூச்சத்துலயும் சரி, மொத்தமா பார்த்தா ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லன்னுதான் வந்துச்சு. ஆனா அதுல சேர்த்த கிளினிக் முறை எல்லாமே ஒரே சிட்டிங் இல்ல, ஆய்வுக்கு ஆய்வு வீரியம், நேரம், தடவை எல்லாம் மாறுது. அதனால ட்ரேயை வாயில வெச்சா குமட்டறவங்க, ராத்திரி ட்ரே போட முடியாதவங்க, ரெண்டு மூணு சிட்டிங்கா இடைவெளி விட்டு போகத் தயாரா இருக்கறவங்களுக்கு கிளினிக் முறை சரியான வழிதான். நாளைக்கு நிச்சயதார்த்தம், இன்னைக்கு ஒரே சிட்டிங்ல முடிக்கணும்னு போனா மட்டும் என் கதைதான் ஆகும்.

ஸ்ட்ரிப், பேஸ்ட், கரி

ஒட்டற ஸ்ட்ரிப் 2000த்தை ஒட்டி அமெரிக்காவுல கடைக்கு வந்துச்சு, பெராக்சைடு தடவின மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. வேலை செய்யும், அதுக்கு ஆய்வு இருக்கு. பல்லு வரிசை நேரா இருக்கறவங்களுக்கு, முன்பல்லு ஆறுக்கு மட்டும் போதும்னா இது சுலபம். எனக்கு கோரைப்பல்லு கொஞ்சம் துருத்தியிருக்கும், அங்க ஸ்ட்ரிப் ஒட்டாம தூக்கிக்கும், அந்தப் பல்லு மட்டும் மஞ்சளா நின்னுடும். ஆன்லைன்ல வாங்கறப்போ அட்டையில என்ன மருந்து, எத்தனை சதவீதம்னு போட்டிருக்கான்னு பாருங்க, போடாததை வாங்காதீங்க. பெராக்சைடு இல்லாததுன்னு பெருமையா விக்கற சிலதுல குளோரின் டையாக்சைடு இருந்திருக்கு, அது அமிலத்தன்மை உள்ளது, எனாமலை அரிச்சு பல்லு மினுமினுப்பு போய் சொரசொரப்பாகும், பிரிட்டன்ல பல் மருத்துவ இதழ்லயே இதை எச்சரிச்சு எழுதினாங்க.

ஒயிட்னிங் பேஸ்ட் வெளிக் கறையை மட்டும்தான் தேய்க்கும். சிலதுல நீல நிறமி சேர்ப்பாங்க, வெள்ளை வேட்டிக்கு நீலம் போடற அதே வித்தை, பல்லு மேல மெல்லிசா நீலம் படிஞ்சு மஞ்சளை மறைக்கும், கொஞ்ச நேரத்துல போயிடும். கெடுதல் இல்ல, ஆனா அதுக்கு மேல எதிர்பார்க்க வேண்டாம்.

கரி விஷயத்துல கொஞ்சம் நிக்கறேன், ஏன்னா நம்ம ஆளுங்க "எங்க தாத்தா அடுப்புக்கரியிலதான் விளக்கினார், எம்பது வயசுல கரும்பு கடிச்சார்"னு சொல்லுவாங்க. எங்க ஆயாவும் கரி, செங்கல் பொடி, உப்பு எல்லாம் போட்டுத்தான் விளக்குனாங்க. ஆனா அவங்க பல்லை நான் பக்கத்துல பார்த்திருக்கேன், கீழ் வரிசையில ஈறு ஓரமா கத்தியால சீவின மாதிரி பள்ளம், உள்ள இருக்கற மஞ்சள் அப்படியே வெளிய தெரியும். சொரசொரப்பான பொடியை விரலால அழுத்தி வருஷக்கணக்கா தேய்ச்சா எனாமலும் வேர் ஓரமும் தேயத்தான் செய்யும், தேஞ்ச எனாமல் திரும்ப முளைக்காது, வெள்ளை வேணும்னு தேய்ச்சு கடைசியில மஞ்சள் டென்டினைத்தான் வெளிய கொண்டு வர்றோம். இப்போ அதே கரி கருப்பு ட்யூப்ல அழகா பேக் பண்ணி வருது. 2017ல அமெரிக்க பல் மருத்துவ சங்கத்தோட இதழ்ல வந்த ஒரு மதிப்பாய்வு, கரி பேஸ்ட் வெள்ளையாக்கும், பாதுகாப்பானதுங்கற விளம்பரங்களுக்கு ஆதாரம் போதாதுன்னு தெளிவா எழுதியிருக்கு. எலுமிச்சம்பழத்தைத் தேய்க்கறது இதை விட மோசம், எனாமல் கரைய ஆரம்பிக்கற அளவு பிஹெச் 5.5, எலுமிச்சைச் சாறு 2 பக்கம். தயவு செஞ்சு பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்காதீங்க.

பாதுகாப்பு பத்தி ஆய்வு என்ன சொல்லுது

2018 டிசம்பர்ல, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடற காக்ரேன் அமைப்பு வீட்டு ஒயிட்னிங் பத்தி ஒரு பெரிய தொகுப்பாய்வு வெளியிட்டுச்சு, மலேசியாவுல மலாக்கா-மணிப்பால் மருத்துவக் கல்லூரியில இருந்தவங்க தலைமையில பண்ணது, 71 ஆய்வு, 3780 பேர். அவங்க முடிவு, மருந்து இல்லாத வெறும் ஜெல்லை விட பெராக்சைடு ஜெல் குறுகிய காலத்துல வெள்ளையாக்குது, ஆனா இந்த ஆதாரத்தோட உறுதி குறைவு, சில இடத்துல மிகக் குறைவு. எந்த ப்ராடக்ட் எதை விட உசத்தின்னும் அதை வெச்சுச் சொல்ல முடியல. பக்க விளைவுன்னா பல் கூச்சமும் வாய் எரிச்சலும்தான், வீரியம் கூடக் கூட அது கூடுது, பெரும்பாலும் லேசானது, தானா போயிடுது. நான் வீரியம் கம்மியானதைத் தேர்ந்தெடுத்ததுக்கு இதுதான் முக்கிய காரணம். மெதுவா போனாலும் போய்ச் சேர்ற இடம் ஏறத்தாழ ஒண்ணுதான்னா எதுக்கு ராத்திரி முழுக்க வலியைத் தாங்கணும்?

கூச்சம் ஏன் வருதுன்னா பெராக்சைடு டென்டினோட நிக்காது, சில நிமிஷத்துலயே உள்ள இருக்கற நரம்புக் கூழ் வரைக்கும் போயிடுது. சொத்தையோ வெடிப்போ இருக்கற பல்லுல நேரா போகும், அதனாலதான் முதல்ல எக்ஸ்ரே எடுத்து சொத்தையை அடைக்கணும். இதைச் செய்யாம உங்களை நேரா லேம்ப் நாற்காலியில உட்கார வெச்சா எழுந்து வந்துடுங்க, பியூட்டி பார்லர்ல பண்றதா இருந்தா உள்ளயே போகாதீங்க.

ஐரோப்பிய யூனியன்ல 2012 அக்டோபர் கடைசியில இருந்து நடைமுறையில இருக்கற சட்டம் இந்த விஷயத்துல எனக்கு நல்ல அளவுகோலா இருந்துச்சு. ஹைட்ரஜன் பெராக்சைடு 0.1% வரைக்கும் கடையில விக்கலாம், அதுக்கு மேல 6% வரைக்கும் டென்டிஸ்ட் பார்த்து முதல் தடவை போட்டுக் காட்டின பிறகுதான் வீட்டுக்குக் கொடுக்கணும், 18 வயசுக்குக் கீழ கூடாது, 6%க்கு மேல அழகுக்காக விக்கவே கூடாது. 10% கார்பமைடு ஜெல் இந்த வரம்புக்குள்ள நல்லா அடங்கும், 16% ஜெல் கூட ஓரத்துல அடங்கிடும். 35% பெராக்சைடு அடங்காது.

இன்னும் ரெண்டு விஷயம் எல்லாரும் தெரிஞ்சுக்கணும். கேப், ஃபில்லிங், செராமிக் இதெல்லாம் வெளுக்காது. முன்பல்லுல கேப் இருக்கறவங்க ப்ளீச்சிங் பண்ணா சுத்தி இருக்கற பல்லு வெளுத்து கேப் மட்டும் தனியா தெரியும், அதனால முதல்ல ப்ளீச்சிங், நிறம் நின்னதும் அதுக்கு ஏத்த மாதிரி புது கேப். புது ஃபில்லிங் வைக்கறதுக்கும் ஒரு ரெண்டு வாரம் பொறுக்கணும், பல்லுக்குள்ள மிச்சம் இருக்கற ஆக்சிஜன் ரெசினைச் சரியா ஒட்ட விடாது. கர்ப்பமா இருக்கறவங்களும் பால் கொடுக்கறவங்களும் தள்ளிப் போடுங்க, இதுல அவசரம் எதுவும் இல்ல. அப்புறம், ப்ளீச்சிங் பண்ற நாள்ல டீ காபி சாம்பார் எல்லாம் விட்டுட்டு வெள்ளைச் சாப்பாடு மட்டும் சாப்பிடணும்னு பயமுறுத்துவாங்க. 2015ல வந்த ஒரு ஆய்வு, காபி டீ குடிச்சவங்களுக்கும் பலன்ல பெரிய வித்தியாசம் இல்லன்னு சொல்லுது, நான் ஃபில்டர் காபியை ஒரு நாள் கூட விடல.

டெட்ராசைக்ளின் பட்டை இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. லேம்ப் சிட்டிங்ல அது போகாது, ஆனா கைவிடவும் வேண்டாம், ஹேவுட் குழு இந்தப் பல்லுக்கே ஆறு மாசம் தினமும் ராத்திரி ட்ரே போட்டு நல்ல மாற்றம் காட்டியிருக்காங்க. பொறுமை இருக்கறவங்களுக்குக் கிடைக்கும். ரூட் கெனால் பண்ணி கறுத்துப்போன ஒத்தைப் பல்லுக்கு வெளிய போடற ஜெல்லை விட உள்ள மருந்து வெச்சு வெளுக்க வைக்கற முறைதான் சரி, அதை டாக்டர்தான் செய்யணும்.

சித்தி பொண்ணுக்கு

அவ பல்லுல இருக்கறது ஃப்ளூரோசிஸ். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர்வெல் தண்ணியில ஃப்ளூரைடு கூடுதல், லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற தண்ணி இல்லாத இடத்துல 1.5 வரைக்கும் பொறுத்துக்கலாம்னு இந்தியத் தரம் சொல்லுது, அதைத் தாண்டின தண்ணியைக் குடிச்சு வளர்ந்த பிள்ளைங்க அங்க நிறைய பேர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல வந்தப்போ இவளுக்கு பல்லெல்லாம் முளைச்சு முடிஞ்சிருந்துச்சு. பல்லு உருவாகற வயசுல, ஏழெட்டு வயசுக்குள்ள நடந்ததுதான் திட்டா நிக்கும், அப்புறம் நல்ல தண்ணி குடிச்சாலும் மாறாது. ஸ்கூல்ல இவளை "பல்லு விளக்க மாட்டியா"ன்னு கேட்டவங்க எத்தனை பேர். இன்னைக்கும் சிரிக்கறப்போ கை தானா வாய்க்குப் போகுது, அதைப் பார்க்கறப்போ எனக்கு நெஞ்சு அடைச்சுக்கும்.

நான் எனக்குப் பண்ணிக்கிட்ட ட்ரேயை இவளுக்கு முதல்ல சொல்லவே மாட்டேன். ப்ளீச்சிங் பண்றப்போ வெள்ளைத் திட்டு மத்த பல்லை விட இன்னும் தூக்கலா தெரியலாம், பழுப்பு குறையலாம், ஆனா திட்டு திட்டாத்தான் நிக்கும். அந்தத் திட்டு ஒரு சாயம் இல்ல, எனாமலுக்குள்ள இருக்கற நுண்ணிய ஓட்டைகள், அதுல காத்தும் தண்ணியும் இருக்கறதால வெளிச்சம் சிதறி வெள்ளையா தெரியுது. ஈர வேட்டி ஊடுருவித் தெரியறதும் காய்ஞ்சா வெள்ளையா தெரியறதும் எப்படியோ அப்படி. ரெசின் இன்ஃபில்ட்ரேஷன்னு ஒரு முறை இருக்கு, அமில ஜெல்லால மேல் படலத்தைத் திறந்து, ஆல்கஹாலால உலர்த்தி, தண்ணி மாதிரி ஓடற ரெசினை அந்த ஓட்டைக்குள்ள உறிஞ்ச விட்டு லைட்டால இறுக வைக்கறது. ரெசின் வழியா ஒளி போற விதம் எனாமலுக்குக் கிட்டத்தட்ட ஒத்து வர்றதால திட்டு மறைஞ்சுடும். 2017ல நம்ம நாட்டு ஆராய்ச்சியாளர்களே குழி விழாத ஃப்ளூரோசிஸ் கறைக்கு இதையும் கிளினிக் ப்ளீச்சிங்கையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க, ப்ளீச்சிங் மட்டும் பண்ணினதை விட இன்ஃபில்ட்ரேஷன் நல்லா வந்துச்சு. பழுப்பு ஆழமா இருந்தா மைக்ரோஅப்ரேஷன்னு எனாமலோட மேல் படலத்தை மெல்லிசா தேய்ச்சு எடுக்கறதையும் முன்னாடி சேர்ப்பாங்க. பள்ளம் விழுந்த பல்லுன்னா இது எதுவும் போதாது, காம்போசிட்னு பல்லு நிறத்துல இருக்கற அடைப்புப் பொருளைப் பூசணும்.

அவளைக் கூட்டிக்கிட்டு போய் டாக்டரம்மாகிட்ட காட்டினேன். பல்லுக்குப் பின்னாடி சின்ன லைட் வெச்சுப் பார்த்தாங்க, பள்ளம் இல்ல, மேலாப்புலதான் இருக்கு, பண்ணலாம்னாங்க. இவ உடனே "மேடம், எல்லாப் பல்லையும் ஒரே நாள்ல பண்ணிடுங்க"ன்னா. "இல்லம்மா, மேல் முன்பல்லு ரெண்டுக்கு மட்டும் முதல்ல பண்றேன், ஒரு வாரம் நீ கண்ணாடியில பாரு, உனக்குத் திருப்தியா இருந்தா மத்ததுக்குப் போலாம்"னு சொல்லிட்டாங்க. வர்ற வியாழக்கிழமை அப்பாயிண்ட்மென்ட், நானும் லீவு போட்டுட்டு கூடப் போறேன்.